பேப்பர் போட்டுட்டு ஏரி டேட்டா பக்கம் வரலாமா? – வாசகர் கேள்வி பதில்

போன மாசம் நான் ஐடி கம்பெனிய விட்டுட்டு ஏரி, மழை, காத்துன்னு டேட்டா பின்னாடி போனதப் பத்தி ரெண்டு பக்கம் எழுதியிருந்தேன். அரசாங்கத்துக்கும் ஜனங்களுக்கும் நடுவுல இருக்கிற சாஃப்ட்வேர், அதுல சுற்றுச்சூழல் சம்பந்தமான எண்கள், இதான் வேலை, சிவிக் டெக்னு சொல்றாங்க. வந்த கேள்விங்கள்ல பாதி சம்பளம், மீதி ஏக்யூஐ, அதாவது காத்து தரக் குறியீடு. ஆசிரியர் பொறுக்கிக் குடுத்ததுக்கு மட்டும் பதில் இங்க.

"மேடம், ஒன்பது வருஷமா ஜாவா, ஒரு வெளிநாட்டு பேங்க் ப்ராஜெக்ட். வெறுத்துப் போச்சு. ஊருக்கு உபயோகமா ஏதாவது பண்ணணும். பேப்பர் போட்டுடலாமா? வீட்டுக்காரம்மா 'லோன் யாரு கட்டுவா'ன்னு கேக்குறாங்க."
– பேர் வேண்டாம்னு சொன்ன வாசகர், சோழிங்கநல்லூர்

உங்க வீட்டுக்காரம்மாவுக்கு முதல்ல பதில் சொல்லிடுறேன், ஊரு கொஞ்சம் காத்திருக்கட்டும். இந்த ஃபீல்டுல பணம் பெரும்பாலும் ரெண்டு வழியா தான் வருது. ஒண்ணு ஃபவுண்டேஷன் கிராண்ட், ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு ப்ரொபோசல், அது முடியுற நேரத்துல அடுத்தது கிடைச்சா வேலை இருக்கும். இன்னொண்ணு அரசாங்க டெண்டர், அங்க பில் பாஸ் ஆகுறதுக்குள்ள தீபாவளியே வந்துட்டுப் போயிடும். ஆன்சைட், போனஸ் எல்லாம் மறந்துடுங்க, உங்க அனுபவத்துக்கு ஓஎம்ஆர் ஐடி கம்பெனில வாங்குறதுல பாதிய ஒரு இடம் குடுத்துச்சுன்னா அத நல்ல இடம்னே நான் சொல்லுவேன். அதனால லோன் ஓரளவு இறங்குற வரைக்கும் பேப்பர் போடாதீங்க. ஆனா வேலைய இன்னிக்கே ஆரம்பிக்கலாம், அதுக்கு யாரும் ஆஃபர் லெட்டர் தரணும்னு இல்ல.

எப்படின்னா, சென்னை மெட்ரோ வாட்டர் சைட்ல தினமும் ஏரி நிலவரம்னு ஒரு டேபிள் வருது இல்லையா, அத எடுத்துக்கோங்க. முழுக் கொள்ளளவு, இன்னிக்கு நீர்மட்டம், இருப்பு, வரத்து, வெளியேத்தம், மழை, போன வருஷம் இதே நாள் இருப்பு, எல்லாம் இருக்கும். பாத்தா அரை மணி நேர வேலை மாதிரி தெரியும், சைட்ல இருந்து எண்ண தானா எடுக்குற ஒரு ப்ரோகிராம், ஸ்க்ரேப்பர்னு சொல்லுவாங்க, அத எழுதி ஒரு கிராஃப் போட்டா முடிஞ்சுதுன்னு. இப்ப கூட்டிப் பாருங்க. பூண்டி 3,231, சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645, எல்லாம் மில்லியன் கன அடி, ஒரு மில்லியன் கன அடின்னா சுமார் 2.83 கோடி லிட்டர். நாலும் சேந்து 11,257. 2020 நவம்பர்ல கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை ஏரிய திறந்தாங்க, அது ஒரு 500, ஆக 11,757. அதுக்கு மேல வீராணம் 1,465-ஐயும் சேத்தா 13,222. இந்த மூணு மொத்தமும் பேப்பர்ல, வாட்ஸப்ல மாறி மாறி வரும். "ஏரிகள்ல 60 சதவீதம் தண்ணி இருக்கு"ன்னு ஒரு கார்டு வந்தா எதுல 60? 11,257-ல 60 சதவீதம்னா 6,754, 13,222-லன்னா 7,933. நடுவுல இருக்கிற வித்தியாசம் 1,179, அதாவது முழு சோழவரம் ஏரிய விட ஜாஸ்தி! 2019 ஜூன்ல நாலு ஏரியும் சேந்து ஒரு சதவீதம் கூட இல்லாம கிடந்துச்சே, அந்த வருஷத்தையும் இந்த வருஷத்தையும் ஒரே கிராஃப்ல போடுறவங்க கீழ எந்த மொத்தத்த வெச்சோம்னு எழுதுறதே இல்ல.

இன்னும் ஒண்ணு. ஏரிக்குள்ள இருக்கிற மில்லியன் கன அடிய யாரும் நேரா அளக்குறதில்ல. ஸ்கேல்ல எத்தன அடின்னு பாப்பாங்க, அந்த அடிக்கு இவ்ளோ கொள்ளளவுன்னு ஒரு டேபிள் இருக்கும், அதுல இருந்து தான் இருப்பு வரும். வண்டல் சேந்து ஏரி மேடாயிருந்தா டேபிள் சொல்ற தண்ணியும் உள்ள இருக்கிற தண்ணியும் ஒண்ணா இருக்காது. அந்த டேபிள் எந்த வருஷத்து சர்வேல போட்டதுன்னு கேளுங்க, நீங்க இந்த வேலைக்குள்ள வந்துட்டீங்கன்னு அர்த்தம்.

பேங்க் ப்ராஜெக்ட்ல ரீகன்சிலியேஷன் (ரெண்டு கணக்கு ஒத்துப் போகுதான்னு பாக்குறது), ஆடிட் ட்ரெயில் (யாரு எப்ப எத மாத்தினாங்கன்னு பதிவு) எல்லாம் பண்ணியிருப்பீங்க, ஒரு பைசா இடிச்சாலும் ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பியிருப்பாங்க. அந்தப் பழக்கம் தான் இங்க ரொம்ப கம்மியா இருக்கு, உங்க ஜாவாவ விட அதுக்கு தான் மதிப்பு. இந்த டேபிள மட்டும் ஒரு மழைக்காலம் முழுக்க தேதியோட, விட்டுப்போன நாளுக்கு காரணத்தோட, ஒழுங்கா சேத்து பொதுவுல போடுங்க. அப்புறம் இகவர்மென்ட்ஸ் ஃபவுண்டேஷன் மாதிரி இடத்துக்கு (2003-ல நந்தன் நிலேகனியும் ஸ்ரீகாந்த் நாதமுனியும் ஆரம்பிச்சது, நகராட்சி சாஃப்ட்வேர் பண்றாங்க), சிவிக்டேட்டாலேப், டபிள்யூஆர்ஐ இந்தியா, ஓப்பன்ஏக்யூ மாதிரி பொது டேட்டா, சுற்றுச்சூழல் பக்கம் வேலை பாக்குற இடங்களுக்கு அப்ளை பண்ணும்போது ரெஸ்யூமோட அத அனுப்புங்க. நான் இன்டர்வியூ எடுக்குறப்போ சர்டிஃபிகேட்ட பாக்குறதே இல்ல, இத தான் பாப்பேன்.

"அம்மா, நான் மழைமானி இருந்த ஆபீஸ்ல முப்பது வருஷம் வேலை பாத்து ரிட்டையர் ஆனவன். உங்க மாதிரி கம்ப்யூட்டர் பசங்க, எண்ணெல்லாம் வானத்துல இருந்து குதிக்குதுன்னு நெனைக்கிறீங்க. காலைல எட்டரைக்கு குடை பிடிச்சுக்கிட்டு போய் பாத்தவன் யாருன்னு ஒரு வரி எழுதியிருக்கலாம்."
– ஒரு பெரியவர், விழுப்புரம்

ஐயா, அந்த எட்டரைய நீங்களே சொல்லிட்டீங்க, அது போதும், இந்தப் பதில படிக்கிற பொறியாளருங்க நிறைய பேருக்கு அது தெரியாது. நம்ம ஊர்ல வானிலை ஆய்வு மையத்தோட மழை நாள்ங்கறது ராத்திரி பன்னண்டுல இருந்து பன்னண்டு இல்ல, காலைல எட்டரைல இருந்து மறுநாள் எட்டரை. அதனால 2015-ல சென்னை மூழ்கினது டிசம்பர் 1 ராத்திரின்னு எல்லாருக்கும் ஞாபகம், ஆனா டேட்டால தாம்பரம் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கம் 47 சென்டிமீட்டர்ங்கறது டிசம்பர் 2-ங்கற வரிசைல உக்காந்திருக்கும். வரத்து ஒரு தேதி, மழை இன்னொரு தேதின்னு தப்பா ஜாயின் பண்ணிட்டு "மழை பெய்யறதுக்கு முன்னாடியே ஏரி ரொம்பிடுச்சு"ன்னு கண்டுபிடிச்ச மாணவர் ப்ராஜெக்ட் எல்லாம் நான் பாத்திருக்கேன்.

நீங்க கோபப்படுறதுல நியாயம் இருக்கு. சைஃபர் போட்ட நாளும் கோடு போட்ட நாளும் வேற வேறன்னு உங்களுக்குத் தெரியும், மழை இல்லன்னா சைஃபர், யாரும் போய் பாக்கலன்னா கோடு. நாங்க எக்செல்ல ஏத்துறப்போ ரெண்டையும் சைஃபர் ஆக்கிடுறோம். உங்க காலத்து ரெஜிஸ்டர் எங்கயாவது மூலைல இருந்துச்சுன்னா கரையான் அரிக்கிறதுக்குள்ள யாரையாவது விட்டு ஃபோட்டோ எடுக்கச் சொல்லுங்க ஐயா.

"எண்ணூர் பக்கம் வீடு. ஃபோன்ல மூணு ஆப் வெச்சிருக்கேன், ஒரே நேரத்துல ஒண்ணு 98-ங்குது, ஒண்ணு 154-ங்குது, ஒண்ணு 'நல்ல காத்து'ங்குது. ஜன்னல திறக்கவா மூடவா?"
– ஒரு வாசகி, எண்ணூர்

மூணுமே பொய் சொல்லாம கூட இப்படி வரலாம், அதான் கடுப்பு. ஏக்யூஐங்கறது காத்துல அளந்த எண் இல்ல, அளந்ததுக்கு மேல போட்ட ஒரு ஸ்கேல். நம்ம நாட்டு ஏக்யூஐ 2015 ஏப்ரல்ல வந்துச்சு, எட்டு மாசுப் பொருள்ல ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா கணக்கு போட்டு அதுல எது பெருசோ அத மட்டும் காட்டுவாங்க. பிஎம் 2.5-ங்கற நுண்துகள் ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் இருந்தா நம்ம ஸ்கேல்ல 100, அதாவது "திருப்திகரம்". அதே 60 மைக்ரோகிராம அமெரிக்க ஸ்கேல்ல போட்டா 150-ஐ தாண்டி சிவப்பு கலர் வந்துடும். உலக சுகாதார நிறுவனம் 2021-ல ஒரு நாளுக்கு சொன்ன அளவு 15. அதனால ஆப்ல ஏக்யூஐய பாக்காதீங்க, உள்ள போய் பிஎம் 2.5 எத்தன மைக்ரோகிராம்னு இருக்கும், அத மூணுலயும் ஒப்பிட்டுப் பாருங்க.

அப்பவும் ஒத்துப் போகலன்னா அடுத்த கேள்வி, அந்த எண் எங்க இருந்து வருதுங்கறது. சில ஆப் மணலி மாதிரி கிட்ட இருக்கிற ஸ்டேஷன்ல இருந்து எடுக்கும், சிலது சேட்டிலைட்டும் மாடலும் வெச்சு குத்துமதிப்பா போடும், ஸ்டேஷனே இல்லாத தெருவுக்கும் அது ஒரு எண் காட்டும். ஒண்ணு 24 மணி நேர சராசரி, இன்னொண்ணு கடைசி சில மணி நேரம். போகி அன்னிக்கு காலைல டயர் புகை மூக்கு வரைக்கும் வந்திருக்கும், 24 மணி நேர சராசரி அப்ப தான் மெதுவா ஏற ஆரம்பிக்கும். அமெரிக்க துணைத் தூதரகமும் தன் கட்டடத்துல வெச்ச மெஷின்ல இருந்து சென்னைக்கு தனியா ஒரு பிஎம் 2.5 எண் குடுத்துட்டு இருந்துச்சு, 2025 மார்ச்சுல உலகம் முழுக்க அந்தப் பகிர்வ நிறுத்திட்டாங்க, அத நம்பி இருந்த ஆப் எல்லாம் இப்ப வேற எதையோ காட்டுது. ஜன்னல் விஷயத்துல, வாடை வந்தா மூடிடுங்க, வாயுவெல்லாம் பிஎம் 2.5-ல தெரியாது.

"அக்கா, ஃபைனல் இயர் ஈசிஇ. ப்ராஜெக்ட்டுக்கு ஒரு ஐஓடி ஏர் குவாலிட்டி பாக்ஸும் ஒரு ஆப்பும் பண்றோம். டிப்ஸ் வேணும்."
– ஒரு மாணவி, கோயம்புத்தூர்

ஆப் வேண்டாம் தங்கச்சி. பாக்ஸ் பண்ணு. ஜெர்மனில ஸ்டுட்கார்ட்ல 2015 வாக்குல ஒரு கூட்டம் விலை கம்மியான எஸ்டிஎஸ்011-ங்கற துகள் சென்சாரும் ஒரு சின்ன வைஃபை போர்டும் வெச்சு குழாய்க்குள்ள சொருகி பால்கனில மாட்ட ஆரம்பிச்சாங்க, இன்னிக்கு சென்சார் கம்யூனிட்டின்னு உலகம் பூரா இருக்கு, டிசைன் எல்லாம் திறந்தே கிடக்கு, அத எடுத்துக்கோ. அந்த சென்சார் லேசர் அடிச்சு துகள் மேல பட்டு சிதறுற வெளிச்சத்த அளக்குது, அவ்ளோ தான் அதுக்குத் தெரியும். ஈரப்பதம் ஏறுச்சுன்னா துகள் தண்ணிய இழுத்து ஊதிப் போகும், சென்சார் அத மாசுன்னு எண்ணும். பெரிய ஸ்டேஷன் மெஷின்ல உள்ள வர்ற காத்த சூடு பண்ணி ஈரத்த எடுத்துட்டு தான் அளப்பாங்க. அமெரிக்க சுற்றுச்சூழல் துறை ஈபிஏ கூட பர்பிள்ஏர்ங்கற இதே மாதிரி சென்சார் காட்டுற எண்ண கிட்டத்தட்ட பாதியாக்கி, ஈரப்பதத்துக்கும் ஒரு கழிவு போட்டு தான் அவங்க காட்டுத்தீ மேப்புல 2020-ல சேத்தாங்க. அந்த ஃபார்முலாவ அப்படியே நம்ம ஊருக்கு கொண்டாந்தா சரி வராது, நம்ம ஈரம் வேற, நம்ம தூசி வேற.

ஆக உன் ப்ராஜெக்ட் என்னன்னா, உங்க ஊர்ல இருக்கிற அரசாங்க ஸ்டேஷன் பக்கத்துல அனுமதி வாங்கி ஒரு மாசம் பாக்ஸ வெச்சு ரெண்டு எண்ணும் எவ்ளோ விலகுதுன்னு பாக்குறது, காலைல எவ்ளோ, மத்தியானம் எவ்ளோ, மழை அன்னிக்கு எவ்ளோ. டெமோ நாள்ல பளபளன்னு ஒண்ணும் இருக்காது, எக்ஸ்டெர்னல் எக்ஸாமினர் கொட்டாவி விடுவாரு. பரவால்ல.

"இங்க அரசாங்கமே சுற்றுச்சூழல் டேட்டாவ சைட்ல இருந்து தூக்கிட்டு இருக்கு. என் பொண்ணு இதுல மாஸ்டர்ஸ் படிக்கணும்ங்குறா. நம்பி அனுப்பலாமா?"
– ஒரு தகப்பனார், நியூ ஜெர்சி

தூக்கினது உண்மை தான். சீஜெஸ்ட்னு வெள்ளை மாளிகையோட ஒரு மேப், எந்த ஏரியால மாசும் வறுமையும் சேந்து அடிக்குதுன்னு காட்டும், 2025 ஜனவரில போச்சு. ஈபிஏவோட ஈஜே ஸ்க்ரீன்ங்கற அதே மாதிரி மேப் பிப்ரவரில போச்சு. ஆனா ரெண்டையும் பப்ளிக் என்விரான்மென்டல் டேட்டா பார்ட்னர்ஸ்னு ஒரு கூட்டணி கொஞ்ச நாள்லயே திரும்ப ஏத்திட்டாங்க. எப்படி முடிஞ்சுதுன்னா, ஏற்கனவே காப்பி எடுத்து வெச்சிருந்தாங்க. 2016 நவம்பர்ல, ட்ரம்ப் முதல் தடவ ஜெயிச்ச உடனே எட்ஜின்னு ஒரு குழு ஆரம்பிச்சு, அந்தக் குளிர்காலத்துல பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமா உக்காந்து அரசாங்க சைட்டெல்லாம் இறக்கி வெச்சாங்க, அந்த அனுபவம் இப்ப கை குடுத்துச்சு.

பிரேசில் கதை இன்னும் காரம். அங்க இன்பேன்னு விண்வெளி ஆராய்ச்சி நிலையம் 1988-ல இருந்து அமேசான் காடு வருஷத்துக்கு எவ்ளோ அழியுதுன்னு சேட்டிலைட்ல கணக்கு எடுக்குது, 2004-ல இருந்து உடனுக்குடன் எச்சரிக்கையும் தருது. 2019-ல எண் ஏறுனதும் அதிபர் போல்சொனாரோ எண்ணே பொய்னு சொல்ல, டைரக்டர் ரிக்கார்டோ கல்வாவ் எதுத்துப் பேசினார், ஆகஸ்ட்ல வேலை போச்சு. ஆனா எண் நிக்கல, இன்பே வெளியிட்டுட்டே இருந்துச்சு. 2023-ல ஆட்சி மாறினதும் அவர கூப்ட்டு நாட்டோட ஆராய்ச்சி நிதி கவுன்சிலுக்குத் தலைவர் ஆக்கினாங்க.

படிக்கட்டும் சார். ஆனா ஒரே ஒரு அரசாங்க ஏஜென்சிய குறி வெச்சு படிக்க வேண்டாம்னு சொல்லுங்க, ஹைட்ராலஜியோ (நீரியல்) புள்ளியியலோ ஒண்ணுல ஆழமா போகட்டும், கோடிங் கூட வரும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் வெள்ள மேப் வேணும்.

"நாலு வருஷம் குழந்தைக்காக வீட்ல இருந்தேன், அதுக்கு முன்னாடி டெஸ்டிங். திரும்ப வரணும், உங்க ஃபீல்டுக்கு என்ன படிக்கணும்?"
– ஒரு வாசகி, திருச்சி

டெஸ்டிங் பண்ணியிருக்கீங்கன்னா சந்தேகப்படுற குணம் ஏற்கனவே இருக்கு, நல்லது. கோடிங்குக்கு பைத்தான், டேட்டாபேஸுக்கு போஸ்ட்கிரஸ், அதுக்கு மேல மேப் டேட்டா வெக்க போஸ்ட்ஜிஐஎஸ், மேப் வரைய க்யூஜிஐஎஸ், நாலும் இலவசம், நாலையும் ஒரே ஒரு நிஜ வேலைய வெச்சு கத்துக்கோங்க. வேலை நானே தரேன். 2011 சென்சஸ்ல தமிழ்நாட்டுக்கு 32 மாவட்டம். இப்ப 38. தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு 2019-ல பிரிஞ்சுது, மயிலாடுதுறை 2020-ல. ஜனத்தொகை பழைய எல்லைல இருக்கு, நிலத்தடி நீர், மழை எல்லாம் புது எல்லைல வருது. திருநெல்வேலில தலைக்கு எவ்ளோ தண்ணின்னு கணக்கு போட்டா தென்காசி ஜனத்த கழிக்கணும், அதுக்கு தாலுகா லெவலுக்கு இறங்கணும், அங்க தாலுகாவும் பிரிஞ்சிருக்கும். ஊர் பேர இங்கிலீஷ்ல ஒவ்வொரு துறையும் ஒவ்வொரு மாதிரி எழுதியிருக்கும், அதனால பேர வெச்சு ஜாயின் பண்ணாம மத்திய பஞ்சாயத்து ராஜ் துறையோட எல்ஜிடிங்கற ஊர் அடையாள எண்ண வெச்சு பண்ணுங்க.

அப்புறம் பழைய தமிழ் பிடிஎஃப். வானவில், பாமினி மாதிரி ஃபான்ட்ல அடிச்சது, காப்பி பண்ணி ஒட்டினா இங்கிலீஷ் எழுத்து கன்னாபின்னான்னு வரும், யூனிகோடுக்கு மாத்தி வரிக்கு வரி சரி பாக்கணும். இந்த வேலைய பெங்களூர்ல உக்காந்திருக்கிற பெரிய டீமால செய்ய முடியாது, தமிழ் நல்லா படிக்கத் தெரிஞ்ச டெஸ்டர் தான் வேணும்.

"தூத்துக்குடில எங்க ஏரியா காத்து டேட்டா ஆர்டிஐல கேட்டேன். நாப்பது பக்கம் ஜெராக்ஸ் வந்துச்சு, பாதி தெரியல. எக்செல்லா கேக்க முடியாதா?"
– ஒரு வாசகர், தூத்துக்குடி

முடியும். தகவல் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 2(ஜே)-ல கம்ப்யூட்டர்ல இருக்கிற தகவல மின்னணு வடிவத்துல வாங்குற உரிமை தெளிவா இருக்கு. பிரிவு 7(9), கேட்ட வடிவத்துலயே தான் சாதாரணமா குடுக்கணும்ங்குது, ஆபீஸ் வேலை ரொம்ப பாதிக்கும்னாலோ, அந்த ஆவணத்தோட பாதுகாப்புக்கு கெடுதல்னாலோ மட்டும் விலக்கு. மனுவிலேயே "சிடி அல்லது மின்னஞ்சல்ல, எக்செல் வடிவத்துல"ன்னு இந்தப் பிரிவு எண்ணோட எழுதுங்க, தமிழ்லயே எழுதலாம், பத்து ரூபா கட்டணம், 30 நாள்.

கேக்குறப்போ "ஏன் மாசு அதிகம்"னு கேக்காதீங்க, அதுக்கு பதில் சொல்லணும்னு சட்டத்துல இல்ல, ஆவணம் இருந்தா தான் குடுப்பாங்க. கையால அளக்குற ஸ்டேஷன்னா தேசிய திட்டப்படி வாரத்துக்கு ரெண்டு நாள், வருஷத்துக்கு 104 அளவீடு இருக்கணும். உங்க ஸ்டேஷன்ல எத்தன இருக்கு, எந்தெந்த தேதி, காலிபரேஷன் (மெஷின் சரியா அளக்குதான்னு சரி பாக்குறது) எப்ப பண்ணாங்க, அந்த ரெஜிஸ்டர் நகல் குடுங்கன்னு கேளுங்க. சராசரி எண்ண விட விட்டுப்போன தேதிங்க நிறைய சொல்லும். 2019-ல ஆரம்பிச்ச தேசிய தூய காற்றுத் திட்டத்துல உங்க ஊர் இருக்கு, அதுல வந்த பணம் எவ்ளோ, எதுக்கு செலவாச்சுன்னு ரெண்டாவது மனு போடுங்க, ஒரே மனுல எல்லாத்தையும் திணிக்காதீங்க.

"ஏஐ வந்துட்டா உங்க வேலையும் போயிடும்ல?"
– ஒரு வாசகர், ஓசூர்

ஸ்க்ரேப்பர் எழுதுற வேலை ஏற்கனவே போயிடுச்சு, சந்தோஷம். நவம்பர்ல மூணு நாள் ஏன் காலியா இருக்குன்னு செக்ஷன் ஆபீஸுக்கு ஃபோன் போட்டு, அவங்க டீ குடிச்சுட்டு வர்ற வரைக்கும் காத்திருந்து கேக்குற வேலை இருக்கு.

"இவ்ளோ டேட்டா சேத்து யாருக்காவது ஏதாவது நடந்திருக்கா? நேர்மையா சொல்லுங்க."
– ஒரு வாசகர், மதுரை

நேர்மையா சொன்னா பெரும்பாலும் ஒண்ணும் நடக்காது. டேஷ்போர்டு திறப்பு விழா நடக்கும், ஃபோட்டோ வரும், அடுத்த வருஷம் லிங்க் திறக்காது.

நடந்த ஒண்ணு சொல்றேன். பெய்ஜிங்ல அமெரிக்க தூதரகம் 2008-ல தன் கட்டடத்துல ஒரே ஒரு பிஎம் 2.5 மெஷின வெச்சு மணிக்கு ஒரு தடவ ட்விட்டர்ல எண் போட ஆரம்பிச்சுது. அப்ப சீன அரசாங்கம் ஜனங்களுக்கு சொன்னதெல்லாம் பிஎம் 10-ங்கற கொஞ்சம் பெரிய துகளோட கணக்கு, அதுல நாள் சுமாரா தெரியும், இவங்க எண்ல அதே நாள் படுமோசமா தெரியும். 2010 நவம்பர்ல அந்த மெஷின் எண் ஸ்கேலயே தாண்டிப் போச்சு, ப்ரோகிராம் எழுதுன ஆளு விளையாட்டுக்கு போட்டு வெச்சிருந்த "கிரேஸி பேட்"ங்கற வார்த்தை அப்படியே ட்வீட்டா வெளிய வந்துடுச்சு. அங்க ட்விட்டரே பிளாக், ஆனாலும் ஜனங்க அந்த எண்ண தேடிப் பிடிச்சு அவங்க சமூக வலைதளத்துல பரப்பி, எங்களுக்கும் பிஎம் 2.5 சொல்லுன்னு கேட்டுட்டே இருந்தாங்க. 2012-ல சீனா தன் தர அளவுகோல்ல பிஎம் 2.5-ஐ சேத்துச்சு, 2013 ஜனவரில 74 நகரம் அந்த எண்ண நேரடியா வெளியிட ஆரம்பிச்சுது. காத்தும் அதுக்கப்புறம் தான், நிறைய செலவு பண்ணி, ஃபேக்டரி மூடி, நிலக்கரி குறைச்சு, கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சுது.